யாருக்காவது வந்திருக்கும்

பிரம்மசக்தியின் பிள்ளை முதன்முதலாக வேறொருவரை உதைத்தது குழாயடியில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலாயுதத்தின் வயிற்றில். அன்றைக்குத் திங்கட்கிழமை, காலை ஏழு மணி, கீழத்தெருவுக்கு முறைத் தண்ணீர் வருகிற நாள். குடங்கள் வரிசையாக நிற்க, வால்வைத் திருகிக்கொண்டிருந்த வேலாயுதம் பாதித் திருகலில் கையை எடுத்துவிட்டு, ஐம்பத்தாறு வருடமாகப் பசியும் வாயுவும் தவிர வேறெதுவும் நடமாடாத தன் வயிற்றைக் குனிந்து பார்த்து, "ஏ, உள்ள யாரோ மிதிக்காவ" என்றார். நாலு பிள்ளை பெற்ற மூக்கம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து, அவர் பனியன்மேல் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்று, "காலுதான். குதிகாலு. எட்டாம் மாசத்துக் குதிகாலு" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய் வரிசையில் நின்றுகொண்டாள்.

எங்கள் தெருவில் அப்போது எட்டாம் மாதத்தில் இருந்தது ஒருத்திதான்.

பிரம்மசக்திக்கு இருபத்து மூன்று வயது. புருஷன் பூல்பாண்டி புனலூரில் மர லாரி ஓட்டுகிறான், மாதத்துக்கு இரண்டு நாள் வருவான். நொச்சியூத்துக் கீழத்தெருவில் எல்லாப் பெண்களையும்போல அவளும் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள், ஏழாம் மாதம் தாலுகா ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றை டேப்பால் அளந்து பார்த்து, "பிள்ளை மாசத்துக்கு ஏத்த வளர்த்தி இல்ல. புகையிலைத் தூசி ஆகாது. சுளகைத் தூக்கிப் பரண்ல போடு" என்று சொன்ன நாளிலிருந்து சும்மா இருந்தாள். சும்மா இருக்கிறவளுக்கு ஒரே வேலை, பிள்ளையின் அசைவை எண்ணுவது. சாப்பிட்ட பிறகு இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்து, பத்து அசைவு ஆகும்வரை எண்ண வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வரவில்லை என்றால், பொழுது எதுவானாலும் கிளம்பி வந்துவிட வேண்டும். அப்படி எண்ணிக்கொண்டிருந்தவளுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தோடு வயிறு அடங்கிப்போனது. விடிய விடியக் காத்திருந்தாள். காலையில் மாமியார் பொன்னுத்தாயிடம் சொல்ல வாயெடுத்தபோது குழாயடியிலிருந்து மூக்கம்மாள் நடந்து வந்து, "பிள்ளை வேலாயுதத்துக்கிட்ட இருக்கு, பயப்படாத" என்று சொன்னாள்.

நான் கொம்பையா. மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோவில் கொடை, எழவு எல்லாவற்றுக்கும் ஊரில் சத்தம் கொடுப்பது நான்தான். என்னிடம் ஒரு வண்டி இருக்கிறது என்பதால் செவ்வாயும் வெள்ளியும் பிரம்மசக்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற பொறுப்பும் என்னுடையதாக இருந்தது. ஆஸ்பத்திரி பதினாலு கிலோமீட்டர். பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே தலையணை போட்டு அவளை உட்காரவைத்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஸ்டெல்லா சிஸ்டர் வழக்கம்போல பிரம்மசக்தியைப் படுக்கவைத்து வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட்டைக் கட்டினார். ஒன்று பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கும், மற்றது வயிறு இறுகுவதைப் பார்க்கும். பக்கத்தில் ஒரு மெஷின், அதிலிருந்து கட்டம் போட்ட தாள் மெதுவாக நகர்ந்து வரும், தாளில் துடிப்பு மலைமலையாகக் கோடு போடும். கையில் ஒரு பொத்தான் கொடுப்பார்கள். பிள்ளை அசைகிறது என்று தெரிகிறபோதெல்லாம் தாய் அதை அமுக்க வேண்டும். அசையும்போது துடிப்பு ஏறி இறங்கினால் பிள்ளை உள்ளே சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த அறை வாசலில் நின்று நான் அந்தத் துடிப்பைக் கேட்டிருக்கிறேன். சத்தத்தில் பிழைக்கிறவன் நான். முப்பது வருடத்தில் நான் கட்டின எந்த ஸ்பீக்கரிலும் அப்படி அவசரமாகவும் அப்படி நம்பிக்கையாகவும் ஒரு சத்தம் வந்ததில்லை.

அன்றைக்கு இருபது நிமிடம் ஆகியும் பிரம்மசக்தி பொத்தானை ஒருதரம்கூட அமுக்கவில்லை. ஆனால் தாளில் கோடு ஏறி ஏறி இறங்கியிருந்தது.

"அசையுது, நீ ஏன் அமுக்கல?" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர்.

"எனக்கு ஒண்ணும் தெரியல சிஸ்டர்."

அந்த நேரம் பார்த்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பொன்னுத்தாய் "அம்மாடி" என்று வயிற்றைப் பிடித்தாள். சிஸ்டர் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். கோடு ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் லத்தியைக் கீழே போட்டார். கோடு மறுபடி ஏறியது. ஸ்டெல்லா சிஸ்டர் இருபத்தாறு வருடம் பிரசவ வார்டில் இருந்தவர், எதற்கும் அதிர்கிறவர் இல்லை. பொத்தானைப் பிரம்மசக்தியின் கையிலிருந்து வாங்கி, வயர் எட்டுகிற மட்டும் இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "யாருக்கு வருதோ அவங்க அமுக்குங்க" என்றார்.

டாக்டரம்மா ஆயிஷாதான் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "டெஸ்ட் எடுக்கிற ரூம்ல இத்தனை பேர் எதுக்கு? எல்லாரும் வெளியே போங்க" என்று சத்தம் போட்டுவிட்டு, தாளைக் கையில் எடுத்துக் கையெழுத்துப் போடக் குனிந்தவர், பேனாவை அப்படியே வைத்துவிட்டு ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிஸ்டர் பொத்தானை நீட்டினார். டாக்டரம்மா அமுக்கினார். அதற்குப் பிறகு கேஸ் ஷீட்டில் பிரம்மசக்திக்கு மட்டும் அசைவு என்ற இடத்துக்கு எதிரே 'உண்டு' என்று எழுதி, பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து வாங்குவது வழக்கமாயிற்று.

"ஒவ்வொரு நாளும் உள்ள இருந்தா பிள்ளைக்கு லாபம்" என்று டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "முப்பத்தேழு வாரம் தாண்டிட்டா எனக்குப் பாதிக் கவலை போயிரும். ஆனா இனி உள்ள இருக்கிறது வெளிய வர்றதைவிட ஆபத்துன்னு ஒரு நேரம் வரலாம். அந்த நேரத்தைத் தவறவிடாம இருக்கத்தான் இந்தப் பெல்ட்டும் பேப்பரும். ஆனா இங்க வாரத்துல ரெண்டு நாள்தான் பார்க்கிறோம். மீதி நாளெல்லாம் எண்ணிக்கைதான் காவல். அது இப்போ உங்க கையில இருக்கு. உங்க எல்லார் கையிலயும்."

நாங்கள் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டோம்; சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டோம். குழாயடிச் சுவரில் பள்ளிக்கூடத்துப் பழைய கரும்பலகையைக் கொண்டுவந்து ஆணியடித்து மாட்டினார் வேலாயுதம். யாருக்கு வந்தாலும் போய் ஒரு கோடு போட வேண்டும், விடிகாலையில் பலகையைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். கோடு இழுக்க வராதவர்கள் சுண்ணாம்பு விரலால் ஒரு புள்ளி வைத்தார்கள். முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு எண்பது, தொண்ணூறு விழுந்தது. 'உதைத்தது' என்று சொல்வது மரியாதையில்லை என்று ஊர் தானாகவே முடிவுசெய்து, 'பிள்ளை வந்துட்டுப் போச்சு' என்று சொல்லப் பழகியது. பிள்ளை வந்தவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், வெயிலில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் குடை பிடிக்க வேண்டும், ஒரு வாய் தண்ணீர் கொடுக்க வேண்டும். பீடிக் கடையில் பெண்கள் சுற்றிக் கொண்டுவந்ததை எல்லாம் சரியில்லை என்று கழித்துக் கழித்துத் தள்ளிப் பழகிப்போன கையோடு இருக்கிற நயினார் அண்ணாச்சிக்கு ஒரு கட்டைக் கழிக்கப் போகும்போது பிள்ளை வந்தது. அண்ணாச்சி அந்தக் கட்டை அப்படியே தேறின கட்டுகளின் பக்கம் வைத்துவிட்டு, அன்றைக்கு முழுக்க எதையும் கழிக்கவில்லை. சவரக் கடையில் பிள்ளை வரும்போது கத்தி யார் கழுத்திலாவது இருந்தால் என்ன ஆவது என்று ஒரு வாரம் ஆண்கள் எல்லாரும் தாடியோடு திரிந்தார்கள். பொதுச் சுவருக்காகப் பதினேழு வருடம் கோர்ட்டுக்கு நடந்த அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில், சுவரின் இரண்டு பக்கமும், அண்ணனுக்குக் கால் தம்பிக்குக் கை என்று பிள்ளை வந்ததாகச் சொன்னார்கள். சமாதானமாகவில்லை, ஆனால் யாருக்குக் கால் வந்தது என்பதில் மட்டும் சண்டை போட்டார்கள்.

எனக்கு முதலில் வந்தது கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தபோது. ஏணியில் நின்றபடி ஒரு கையால் கம்பத்தையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டேன். எனக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் வயிற்றில் இருந்தபோது என் வீட்டுக்காரி என் கையை இழுத்து, "இங்கன பாருங்க, இங்கன பாருங்க" என்று வைத்திருக்கிறாள். நானும் வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். கீழே இறங்கி வந்ததும் அவளிடம் போய், "இப்பிடியா இருந்துச்சு?" என்று கேட்டேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல், "எப்பிடி?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "அதுதான்" என்றாள்.

இப்படித் தெருவில் பெரியவர் சின்னவர், ஆண் பெண், சண்டைக்காரர், கடைக்காரர், சுரண்டை போகிற பஸ்ஸின் கண்டக்டர்வரைக்கும் பிள்ளை வந்து போனது. ஒருத்திக்கு மட்டும் வரவில்லை.

சண்முகக்கனியை நாங்கள் கனியக்கா என்போம், அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிரம்மசக்தி வீட்டுக்கு அடுத்த வீடு. முப்பத்தெட்டு வயது. பதினொரு வருடத்துக்கு முன்னால் அவள் வயிற்றில் ஒரு பிள்ளை எட்டரை மாதம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அது அசையவில்லை. கனியக்கா கேட்டாள், எல்லாரும் பதில் சொன்னார்கள். பேறுகாலம் கிட்ட வந்தா பிள்ளை அடங்கித்தான் போகும் என்றார்கள். ஒறங்குது என்றார்கள். குளிர்ந்த கலரு சோடா வாங்கிக் குடி, துள்ளும் என்றார்கள். சனிக்கிழமை ஒறங்குது, ஞாயிற்றுக்கிழமையும் ஒறங்குது; திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது துடிப்பு இல்லை. அந்த மூன்று நாளும் அவள் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவளுக்கு வேறு பிள்ளை தங்கவில்லை. வளைகாப்பு வீடுகளுக்கு அவளை யாரும் கூப்பிடுவதில்லை, அவளும் அந்த வழியாகப் போவதில்லை.

பிள்ளை அவளுக்கு வராததை எல்லாரும் கவனித்தோம், யாரும் பேசவில்லை. பிரம்மசக்திதான் ஒருநாள் சுவருக்கு மேலாகக் கேட்டாள்.

"எக்கா, ஏன் வீட்டுப் பக்கம் வரவே மாட்டேங்கிய?"

"சோலி கிடக்கு பிள்ள."

"வெள்ளிக்கிழமை எங்கூட டெஸ்டுக்கு வாங்க. ரூம்ல இருந்தியன்னா உங்களுக்கும் வரும்."

கனியக்கா அந்த வெள்ளிக்கிழமை வந்தாள். நல்ல சேலை கட்டித் தலைக்குப் பூ வைத்திருந்தாள். அவள் பூ வைத்து நான் பார்த்து வெகுநாள். கட்டிலைச் சுற்றி ஆறு பேர் நின்றோம். பொத்தான் கைக்குக் கை மாறியது. பொன்னுத்தாய் அமுக்கினாள், மூக்கம்மாள் அமுக்கினாள், நான் அமுக்கினேன், சிஸ்டர் அமுக்கினார், மறுபடி மூக்கம்மாள். கனியக்கா இரண்டு கையையும் வயிற்றில் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். தாள் ஓடி முடிந்தது. டெஸ்ட் நன்றாக இருக்கிறது என்று சிஸ்டர் சிரித்தார், எல்லாரும் சிரித்தோம். கனியக்காவும் சிரித்துவிட்டு வெளியே போய் என் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு டெஸ்டுக்கு வரவில்லை.

நாள் போகப் போக எங்களுக்குப் பழகிவிட்டது. பழகிப்போனால் அதிசயமும் முறைத் தண்ணீர் மாதிரிதான், வந்தால் வந்தது என்று ஆகிவிடுகிறது. பிள்ளை வந்தால் முன்பு செய்கிற வேலையைப் போட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடினவர்கள், இருக்கிற வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். பிறகு சாயங்காலம் போகும்போது சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு நாம் போடாவிட்டால் என்ன, நிறையப் பேர் போடுகிறார்கள் என்றார்கள். எண்பது கோடு நாற்பதாயிற்று, முப்பதாயிற்று. கோடு குறைந்தது எங்கள் சோம்பலாலா, பிள்ளை அடங்கி வருவதாலா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் தனக்கு வராதது மட்டும்தான் தெரியும், அடுத்தவருக்கு வந்ததா என்று தெரியாது.

முப்பத்தாறாவது வாரம் செவ்வாய்க்கிழமை அம்மன் கொடை. அன்றைக்கு டெஸ்டுக்குப் போக வேண்டிய நாள். நான்தான் பொன்னுத்தாயிடம் சொன்னேன், "இன்னைக்கு செட்டைப் போட்டுட்டு நான் எங்கன நகர முடியும்? புதன்கிழமை காலையில முதல் வேலையாப் போயிருவோம்." ஒரு நாள்தானே என்று அவளும் சரி என்றாள். இதை நான் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சொன்னது நான்தான்.

கொடை என்றால் எங்கள் ஊர் முழுக்கக் கோவிலில்தான் இருக்கும். காலை பத்து மணிக்கெல்லாம் மேளம் உச்சத்துக்குப் போய்விட்டது, நான் எட்டுக் குழாயும் நாலு பெட்டியும் கட்டியிருந்தேன், பந்தலில் நானூறு பேருக்குக் குறையாமல் கூட்டம். கனியக்கா கொடைக்கு வருகிற பழக்கமில்லை. ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் குழாயடிக்குக் குடம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். பலகையைப் பார்த்திருக்கிறாள். விடிகாலையில் துடைத்த பலகை துடைத்தபடியே இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை.

குடத்தை அங்கேயே வைத்துவிட்டு, கோவிலுக்குப் போகிற வழியிலும் பந்தலிலும் பார்த்தவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டிருக்கிறாள். வேலாயுதம், "எனக்கு வரல. கொடை அவசரத்துல யாரும் போடல போல. யாருக்காவது வந்திருக்கும்" என்றார். நயினார் அண்ணாச்சி, "நேத்துச் சாயங்காலம் வந்த மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு வேற யாருக்காவது வந்திருக்கும்" என்றார். மூக்கம்மாள் பொங்கல் பானையைக் கிண்டிக்கொண்டே, "எனக்கில்ல, யாருக்காவது வந்திருக்கும் போ" என்றாள். பதினேழு பேரிடம் கேட்டதாகக் கனியக்கா பிற்பாடு சொன்னாள். பதினேழு பேரும் அதையே சொன்னார்கள். கடைசியாகப் பிரம்மசக்தியிடம் போனாள். பந்தல் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தவள் சிரித்துக்கொண்டே, "இத்தன பேரு இருக்காவ, யாருக்காவது வந்திருக்கும்க்கா" என்றாள்.

கனியக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"மைக்கைக் கொடு."

"எக்கா, சாமி ஆடுத நேரம்..."

அவள் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். அவள் குரல் எட்டுக் குழாயிலும் வந்தது. குளத்துக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்தவர்களுக்கும் கேட்டதாம்.

"மேளத்தை நிறுத்துங்க."

மேளக்காரர்கள் நிறுத்தினார்கள். தீச்சட்டியோடு ஆடிக்கொண்டிருந்த சாமியாடி ஒரு காலைத் தூக்கினபடி நின்றார்.

"இன்னைக்கு விடிஞ்சதுலேர்ந்து யாருக்குப் பிள்ளை வந்துச்சு? வந்தவிய கையைத் தூக்குங்க."

ஒருவர் மற்றவரைப் பார்த்தோம். அவர் தூக்குவார் என்று இவர், இவர் தூக்குவார் என்று அவர். பந்தலில் அத்தனை பேர், தோரணத்து வேப்பிலை அசைகிற சத்தம் கேட்டது. ஒரு கையும் எழும்பவில்லை. மெதுவாக, யாரும் சொல்லாமலே, ஒவ்வொருவராகத் தங்கள் வயிற்றில் கையை வைத்தார்கள். நானூறு பேர் தலையைக் குனிந்து, மூச்சைப் பிடித்து, தங்கள் தங்கள் வயிற்றுக்குள் கேட்டுக்கொண்டு நின்றோம். சாமியாடி தீச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு மஞ்சள் பூசின தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கும் இல்லை.

"எல்லாரும் ஒறங்குதுன்னு சொல்லுவிய" என்றாள் கனியக்கா மைக்கில். குரல் உடையவில்லை. "பிள்ளை ஒறங்கல. கொம்பையா, வண்டியை எடு."

ஸ்பீக்கர் பெட்டிகளை யார் யார் இறக்கினார்கள் என்று தெரியாது, நான் சாவியைப் போடுவதற்குள் வண்டி காலியாக இருந்தது. பள்ளங்களை எல்லாம் பார்க்காமல் ஓட்டினேன். பின்னால் கனியக்கா பிரம்மசக்தியின் தலையை மடியில் வைத்து இடப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தாள். பொன்னுத்தாய் அம்மனை அழைத்துக்கொண்டே வந்தாள். பிரம்மசக்தி ஒரே ஒரு தடவை பேசினாள்.

"எனக்கே தெரிஞ்சிருக்கணும்லக்கா?"

"உனக்கெப்படித் தெரியும்? பேசாம மூச்சை இழுத்து விடு."

ஸ்டெல்லா சிஸ்டர் பெல்ட்டைக் கட்டின கை வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மெஷினில் துடிப்பு வந்தது, வந்ததும் பொன்னுத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் சிஸ்டர் கும்பிடவில்லை. கோடு மலைமலையாக ஏறவில்லை. தரையில் இழுத்த கயிறுபோலத் தட்டையாக ஓடியது, பிறகு கீழே இறங்கியது, இறங்கினது மேலே வர நேரமெடுத்தது. சத்தத்தில் பிழைக்கிற எனக்குத் தாளைப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த அவசரம் இல்லை. டாக்டர் ஆயிஷா வந்து ஒரு முழத் தாளை விரலால் தடவிப் பார்த்தார், வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்து உள்ளே தண்ணீர் வற்றிக் கிடப்பதைப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து அசைவு இல்ல?"

கனியக்காதான் சொன்னாள், "விடிஞ்சதுலேர்ந்து இல்ல. அதுக்கு முன்ன எங்களுக்குத் தெரியல. தெரிஞ்சிக்கிடல."

"தியேட்டருக்கு" என்றார் டாக்டரம்மா.

கையெழுத்து வாங்க வந்தார்கள். பிரம்மசக்தி போட்டாள், பிறகு கூட வந்தவர் ஒருவர் போட வேண்டும் என்றார்கள். பொன்னுத்தாய் பேனாவைக் கனியக்காவிடம் நீட்டினாள். கனியக்கா வாங்கிப் போட்டாள். உறவுமுறை என்று கேட்டிருந்த இடத்தில் கொஞ்சம் யோசித்து, 'பக்கத்து வீடு' என்று எழுதினாள்.

முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் நொச்சியூத்தில் மேளம் தொடங்கவில்லையாம், பந்தலை விட்டு யாரும் போகவில்லையாம், பொங்கல் பானை அடிபிடித்ததாம். வேலாயுதம் எனக்கு ஐந்து தடவை போன் செய்துவிட்டார், ஐந்து தடவையும் "இன்னும் இல்ல" என்றேன். பன்னிரண்டு பத்துக்கு உள்ளே ஒரு சத்தம் கேட்டது. முதலில் பூனை என்று நினைத்தேன்.

பெண் பிள்ளை. ஒரு கிலோ எழுநூற்றைம்பது. தொப்புள்கொடி கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. பிறந்ததும் அழவில்லை, காற்றுக் கொடுத்த பிறகு அழுதது. கண்ணாடிப் பெட்டியில் பதினெட்டு நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தது. பூல்பாண்டி புனலூரிலிருந்து அன்று சாயங்காலமே வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று, தன் சுண்டுவிரலையும் பிள்ளையின் காலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வயிறுகளில் ஒன்றும் வரவில்லை. வெகுநாள்வரைக்கும் ஆண்கள் பேச்சின் நடுவே நிறுத்தி, வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசினார்கள். அடுத்து மாசமான பெண்களுக்கு அவரவர் வயிற்றிலேயே அசைவு தெரிந்தது, ஆனாலும் காலையில் குழாயடிக்குப் போனால் அவர்களைப் பத்துப் பேர் நிறுத்தி, "இன்னைக்கு எத்தன?" என்று கேட்பார்கள். "ஒரு நாளைக்கு எத்தன தடவ சொல்லுததுக்கு?" என்று சலித்துக்கொள்ளாத பெண் கீழத்தெருவில் இல்லை. கனியக்காவுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. வந்திருந்தால் அவளும் எங்களில் ஒருத்தியாக இருந்திருப்பாள், அவ்வளவுதான் என்று மூக்கம்மாள் சொல்கிறாள். அது சரியா என்றும் தெரியாது.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. போனில் ஊருக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். கனியக்கா சுவரோரம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஆயிஷா முகத்தைக் கழுவிவிட்டு அந்தப் பக்கமாக வந்தார். கனியக்கா எழும்பவில்லை, உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கேன். பதினோரு வருசத்துக்கு முன்ன, ஒரு வெள்ளிக்கிழமை, எம் பிள்ளை அசையல. திங்கக்கிழமைதான் வந்தோம். வெள்ளிக்கிழமையே வந்திருந்தா இருந்திருக்குமா?"

இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று நான் மனதுக்குள் சொன்னேன். நாங்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னோம். எழுதினது அவ்வளவுதான், யார் வந்தும் ஒன்றும் ஆகியிருக்காது என்று பதினொரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

டாக்டரம்மா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இருந்திருக்கலாம்" என்றார். "உறுதியாச் சொல்ல முடியாதும்மா. எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் சில பிள்ளைங்க நிக்கிறதில்ல. ஆனா இருந்திருக்கலாம்."

கனியக்கா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். "எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும். இல்ல இல்லன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி, எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப்போச்சோன்னு நெனச்சிட்டேன்."

"நீங்க சரியாத்தான் கேட்டிருக்கீங்க. பதில் சொன்னவங்கதான் தப்பாச் சொல்லிட்டாங்க."

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்குக் கலரு சோடா வாங்கிக் கொடுத்தது என் வீடு. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

கனியக்கா அழுதாள். பெரிய சத்தம் இல்லை. டாக்டரம்மா அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தார், இரண்டு தடவை யாரோ கூப்பிட்டும் எழும்பவில்லை. அழுகை அடங்கினதும் கேட்டார்.

"என்ன பிள்ளை?"

"பொம்பளப் பிள்ள."

"பேரு யோசிச்சு வச்சிருந்தீங்களா?"

பதினொரு வருடத்தில் எங்கள் தெருவில் ஒருத்தரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. கனியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தாழ்வாரத்தில் ஒரு ஸ்ட்ரெச்சர் போனது, அது போய் முடியும்வரை காத்திருந்தாள்.

"செண்பகவல்லி" என்றாள்.

"செண்பகவல்லி" என்று டாக்டரம்மா ஒருதரம் சொல்லிப் பார்த்தார்.

"ஆமா" என்றாள் கனியக்கா.